அகிம்சைக்கும் ஒத்திகை வேண்டும்: நாஷ்வில் சபைகள் செய்த வேலை

சமாதானத்தைப் பற்றி நம் சபைகளில் பேசப்படுவதற்கு ஒரு குறையும் இல்லை. ஞாயிறு ஆராதனையின் நடுவே பக்கத்தில் நிற்பவரின் கையைப் பற்றிச் சமாதானம் சொல்லிக்கொள்கிறோம். எல்லாப் புத்திக்கும் மேலான தேவசமாதானத்தைக் கூறி ஆசீர்வதித்துத்தான் குருவானவர் நம்மை வீட்டுக்கு அனுப்புகிறார். அதே சபையில் தேர்தல் வந்துவிட்டால், வாக்குப்பெட்டிக்குக் காவல் நிற்கக் காவல்துறையினரை அழைக்க வேண்டியிருக்கிறது. தோற்ற அணி நீதிமன்றத்துக்குப் போகிறது. பல ஆண்டுகள் ஒரே இருக்கையில் அமர்ந்து பாடிய இரண்டு குடும்பங்கள் அதன்பின் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. இதைக் கண்டு வருந்துகிறவர்கள் பெரும்பாலும் விசுவாசம் குறைந்துவிட்டது என்றும் அன்பு தணிந்துபோயிற்று என்றும் சொல்லி முடித்துவிடுகிறார்கள். எனக்கு அந்த விளக்கம் போதுமானதாகத் தோன்றவில்லை. கோபம் தலைக்கேறும் நேரத்தில் கையையும் நாவையும் என்ன செய்வது என்பதை நம் சபைகள் எவருக்கும் பழக்கிக் கொடுத்ததில்லை; பழகாத ஒன்றை நெருக்கடியில் திடீரென்று செய்ய எவராலும் முடியாது என்பதுதான் என் எண்ணம்.

கிறிஸ்துமஸ் கீத ஆராதனைக்குப் பாடகர் குழு நவம்பரிலேயே ஒத்திகையைத் தொடங்கிவிடுகிறது. டெனர் பாடுகிற நான்கு பேரில் ஒருவர் சுரம் தவறினாலும் அந்த வரியைத் திரும்பத் திரும்பப் பாட வைக்கிறார்கள். மறு கன்னத்தைத் திருப்பிக்கொடுப்பது மட்டும் பிரசங்கத்தைக் கேட்ட மாத்திரத்தில் வந்துவிடும் என்று எதிர்பார்க்கிறோம். அதற்கும் ஒத்திகை நடத்திப் பார்த்த சபைகள் உலகத்தில் உண்டு. அவற்றில் நான் அதிகம் வாசித்தறிந்தது, 1959ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவின் டென்னசி மாநிலத் தலைநகரான நாஷ்வில்லில், கிளார்க் மெமோரியல் மெத்தடிஸ்ட் ஆலயத்தின் கீழ்த்தளத்தில் செவ்வாய்க்கிழமை மாலைகளில் நடந்துவந்த கூடுகை. கறுப்பின மாணவர் இயக்கத்தின் வரலாற்றில் அந்தக் கீழ்த்தளத்துக்குப் பெரிய இடம் உண்டு. ஆனாலும் நம்மவர்கள் மார்ட்டின் லூதர் கிங்கின் சொற்பொழிவுகளை அறிந்திருக்கும் அளவுக்கு அதை அறிந்திருக்கவில்லை.

அந்தக் கூடுகைகளை நடத்தியவர் ஜேம்ஸ் லாசன். அப்போது அவருக்கு வயது 31. வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் இறையியல் படித்துக்கொண்டிருந்தார். பென்சில்வேனியாவில் பிறந்து ஒஹாயோ மாநிலத்தின் மாசிலன் என்ற ஊரில் வளர்ந்தவர். தந்தையும் மெத்தடிஸ்ட் போதகர்தான், ஆனால் தற்காப்புக்குக் கைத்துப்பாக்கி வைத்திருந்தவர். அடிக்கு அடி என்பதை அடியோடு ஏற்காதவர் தாய். சிறுவனாக இருந்தபோது, நின்றிருந்த காருக்குள்ளிருந்து ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை தன்னை இனத்தைச் சொல்லி இழிவாக அழைத்ததாகவும், தான் போய் அந்தப் பிள்ளையின் கன்னத்தில் அறைந்துவிட்டு வீட்டுக்கு வந்து அதைப் பெருமையாகச் சொன்னதாகவும் லாசன் பிற்காலத்தில் பலமுறை கூறியிருக்கிறார். அடுப்பருகே வேலையாக இருந்த தாய் திரும்பிக்கூடப் பார்க்காமல், அதனால் என்ன நன்மை விளைந்தது என்று கேட்டாராம். வேறு வழி ஒன்று இருந்தே ஆக வேண்டும் என்றும் சொன்னாராம். கொரியப் போரின்போது கட்டாய ராணுவச் சேவைக்குப் போக மறுத்து, ஓராண்டுக்கும் மேலாகச் சிறையில் இருந்தார் லாசன். போதக ஊழியத்துக்குப் படிப்பவர் என்ற காரணத்தைக் காட்டி விலக்குப் பெற்றிருக்கலாம். அந்தச் சலுகையை அவர் கேட்கவில்லை.

சிறையிலிருந்து வெளியே வந்தவரை மெத்தடிஸ்ட் மிஷன் 1953இல் நம் நாட்டுக்கு அனுப்பியது. நாக்பூரின் ஹிஸ்லாப் கல்லூரியில் மூன்றாண்டுக் காலம் மாணவர் ஊழியமும் விளையாட்டுப் பயிற்சியும் அவருடைய பொறுப்புகளாக இருந்தன. அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் காந்தியின் நாட்டுக்கு வந்து அகிம்சையைக் கற்றுப்போனார் என்று ஒரே வரியில் சொல்லிவிடுவார்கள். விளையாட்டுப் பயிற்சியாளராக இருந்தார் என்பதையும் சேர்த்துக் கவனிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. ஏனென்றால் நாஷ்வில்லில் அவர் நடத்திய கூடுகைகளில் ஓர் ஆசிரமவாசியின் முறையைவிடப் பயிற்சியாளரின் முறையே அதிகம் தென்படுகிறது. ஆட்டத்தை நிறுத்துவது, தவறிய இடத்தைச் சுட்டிக்காட்டுவது, மறுபடியும் முதலிலிருந்து ஆட வைப்பது என்றே அவை நடந்தன.

காந்தியின் ஆசிரமம் அமைந்த வார்தா, நாக்பூரிலிருந்து வெகுதூரம் இல்லை. கிராமக் கைத்தொழில் சங்கத்தைப் பல ஆண்டுகள் வார்தாவிலிருந்து நடத்தியவர் தஞ்சாவூரில் பிறந்த கிறிஸ்தவரான ஜே. சி. குமரப்பா. உப்புச் சத்தியாகிரகத்தின் நாட்களில், கிறிஸ்தவர் ஒருவர் அதில் சேரலாமா என்று ஆங்கிலிக்கப் பேராயர் வெஸ்ட்காட்டுடன் கடிதம் வழியே வாதாடியவர். சிறையிலிருந்தபோது இயேசுவின் போதனைகளைப் பற்றி நூல் எழுதியவர். திருப்பத்தூரில் 1921இல் கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கிய இருவரில் ஒருவரான ஸ்காட்லாந்து மருத்துவர் ஃபாரஸ்டர் பேட்டன், கதர் உடுத்திச் சென்னைத் தெருவில் நின்றதற்காக 1932இல் காவல்துறையிடம் அடிவாங்கினார். இவர்களின் பெயர்கள் நம் ஞாயிறு பள்ளிப் பாடங்களில் வருவதேயில்லை என்பது தனியே எழுத வேண்டிய வருத்தம். குமரப்பா 1960 ஜனவரி 30ஆம் தேதி, காந்தியின் நினைவு நாளிலேயே காலமானார். சரியாக இரண்டு வாரம் கழித்து நாஷ்வில் மாணவர்கள் கடைவீதிக்கு நடந்தார்கள். இரண்டுக்கும் தொடர்பில்லை என்றாலும் ஒரு தமிழ்க் கிறிஸ்தவ வாசகனால் அந்தத் தேதிகளைக் கவனிக்காமல் இருக்க முடிவதில்லை.

அமெரிக்காவின் மான்ட்காமரி நகரத்தின் கறுப்பின மக்கள் இனப் பாகுபாட்டை எதிர்த்துப் பேருந்துகளைப் புறக்கணிக்கத் தொடங்கிய செய்தியை 1955 டிசம்பரில் நாக்பூர்ப் பத்திரிகை ஒன்றில்தான் லாசன் வாசித்தார். நாடு திரும்பி ஓபர்லின் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது, 1957 பிப்ரவரியில் அங்கே பேச வந்த கிங்கைச் சந்தித்தார். படிப்பை முடித்துக்கொண்டு தென்மாநிலங்களுக்கு வரலாம் என்றிருந்தவரிடம், காத்திருக்க வேண்டாம், இப்போதே வாருங்கள் என்றார் கிங். அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் லாசன் நாஷ்வில் போய்ச் சேர்ந்தார். அங்கே முதல் பாப்திஸ்து சபையின் போதகர் கெல்லி மில்லர் ஸ்மித், நகரத்தின் கறுப்பினப் போதகர்களைச் சேர்த்து ஒரு கிறிஸ்தவத் தலைமைக் குழுவை அமைத்திருந்தார். கூடுகைகளுக்கு இடம் கொடுத்ததும், பெற்றோரின் அச்சத்துக்குப் பதில் சொன்னதும், பிறகு ஜாமீன் பணம் திரட்டியதும் அந்தச் சபைகள்தாம்.

எதை எதிர்ப்பது என்று அவர்கள் முடிவு செய்த விதம் எனக்கு மிகவும் பிடித்தது. பள்ளிகளில் இனப் பாகுபாடு இருந்தது. திரையரங்குகளிலும் வேலைவாய்ப்பிலும் வீட்டு வாடகையிலும் இருந்தது. எங்கே தொடங்குவது என்று தலைவர்கள் தாங்களாகத் தீர்மானிக்காமல் சபையாரிடம் கேட்டார்கள். அப்போது பேசியவர்கள் தாய்மார்கள். நகர மையத்தின் பெரிய கடைகளில் தங்கள் பணத்தை வாங்கிக்கொள்கிறார்கள். உடுப்பும் செருப்பும் விற்கிறார்கள். ஆனால் களைத்துப்போன பிள்ளையை உட்கார வைத்து ஒரு சாண்ட்விச் வாங்கிக் கொடுக்க அதே கடையின் உணவுக் கவுண்டரில் இடம் இல்லை. கழிப்பறைக்கும் அனுமதி இல்லை என்று சொன்னார்கள். உணவுக் கவுண்டர்களே முதல் இலக்கு என்பது அங்கேதான் முடிவாயிற்று.

இனி அந்தச் செவ்வாய்க்கிழமை மாலைகளுக்கு வருவோம். முதலில் வாசிப்பும் கலந்துரையாடலும் நடக்கும். மலைப்பிரசங்கமும், காந்தியின் போராட்டங்களும், அமெரிக்க எழுத்தாளர் தோரோவின் எழுத்தும், இவற்றையெல்லாம் கேள்விக்கு உட்படுத்திய அமெரிக்க இறையியலாளர் நீபரின் கருத்துகளும் அலசப்படும். பிறகு நாற்காலிகளைக் கவுண்டரைப் போல வரிசையாகப் போடுவார்கள். சிலர் அதில் போய் உட்கார, மற்றவர்கள் வெள்ளைக்கார இளைஞர்களாக நடித்துப் பின்னால் வந்து நிற்பார்கள். காதருகே குனிந்து வசை சொல்வார்கள், முகத்தில் சிகரெட் புகையை ஊதுவார்கள், தலைமயிரைப் பிடித்து இழுப்பார்கள், தண்ணீரை ஊற்றுவார்கள், நாற்காலியோடு சேர்த்துக் கீழே தள்ளுவார்கள். உட்கார்ந்திருப்பவர் கையை ஓங்கினாலோ பதிலுக்கு ஏசினாலோ லாசன் நிறுத்துவார். எந்தச் சொல் உன்னைத் தாக்கியது, அந்த நொடியில் என்ன நினைத்தாய் என்று கேட்பார். அதன்பின் ஏசியவர் நாற்காலிக்கும் நாற்காலியில் இருந்தவர் ஏசும் இடத்துக்கும் மாறுவார்கள். எதிரியாக நடித்தவர்களுக்கு அந்த வேடம் எவ்வளவு எளிதாக வந்துவிடுகிறது என்பது தெரிந்தது. அடிக்க வருகிறவனின் உள்ளே இருக்கும் அச்சமும் கொஞ்சம் தெரிந்தது.

உடலுக்கான பாடங்களும் இருந்தன. கீழே விழுந்தால் முழங்காலை மடக்கிச் சுருண்டு, கைகளால் தலையின் பின்பக்கத்தையும் முகத்தையும் மறைத்துக்கொள்வது எப்படி. அடிப்பவனின் கண்ணை விட்டுப் பார்வையை எடுக்காமல் இருப்பது எப்படி. ஒருவரை மட்டும் பலர் சூழ்ந்து அடித்தால், மற்றவர்கள் தங்கள் உடலை நடுவே கொண்டுபோய் அந்த அடிகளைப் பகிர்ந்துகொள்வது எப்படி என்பதையெல்லாம் தரையில் விழுந்து புரண்டே கற்றார்கள். தன்னால் கையைக் கட்டிக்கொண்டிருக்க இயலாது என்று உணர்ந்தவர் வெட்கப்பட வேண்டியதில்லை. கவுண்டருக்குப் போகாமல் செய்வதற்கும் வேலைகள் இருந்தன.

வந்தவர்களில் பலர் பின்னாளில் பேர்பெற்றார்கள். அலபாமாவின் குத்தகை விவசாயி ஒருவரின் மகனான ஜான் லூயிஸ், அவரோடு சிறிய பாப்திஸ்து இறையியல் கல்லூரி ஒன்றில் படித்த பெர்னார்ட் லஃபாயெட், ஜேம்ஸ் பெவல் ஆகியோர் அங்கே இருந்தார்கள். ஃபிஸ்க் பல்கலைக்கழக மாணவி டயான் நாஷ் சிகாகோவிலிருந்து வந்தவர். இந்த முறை பலிக்கும் என்ற நம்பிக்கை அவருக்கு முதலில் இல்லை. நகரத்தில் இதை எதிர்த்து வேறு எவரும் எதுவும் செய்யவில்லை என்பதற்காகவே வந்துகொண்டிருந்ததாகப் பிற்காலத்தில் சொன்னார். அவரை அழைத்துவந்தவர் பால் லப்ராட் என்ற வெள்ளைக்கார மாணவர். போரில் பங்குகொள்வதைப் பாவமாகக் கருதும் ‘சர்ச் ஆஃப் தி பிரதரன்’ என்ற சபையின் பிள்ளை அவர். குவேக்கர், மெனனைட், பிரதரன் ஆகிய மூன்றையும் வரலாற்றுச் சமாதானச் சபைகள் என்பது வழக்கம். அவை தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த ஒரு போதனை, கறுப்பின மெத்தடிஸ்டுகளும் பாப்திஸ்துகளும் கூடிய கீழ்த்தளத்தில் வேறொரு வேலைக்குப் பயன்பட்டது.

1959 நவம்பர், டிசம்பர் மாதங்களில் இரண்டு கடைகளில் உட்கார்ந்து பார்த்து, உணவு தர மறுக்கப்பட்டதும் மேலாளரிடம் மரியாதையாகக் காரணம் கேட்டுவிட்டுத் திரும்பினார்கள். கடைக்காரர்களோடு பேச்சுவார்த்தையும் நடந்துகொண்டிருந்தது. இதற்கிடையே பிப்ரவரி 1ஆம் தேதி வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோவில் நான்கு மாணவர்கள் தாமாகவே போய் உட்கார்ந்துவிட, நாஷ்வில்லும் தாமதிக்க முடியாது என்றாயிற்று. பிப்ரவரி 12ஆம் தேதி இரவு ஸ்மித்தின் ஆலயத்தில் நடந்த கூட்டத்தில் மூத்த போதகர்கள் சிலர் தயங்கினார்கள். தலைமைக் குழுவின் கையிருப்பு 87 டாலர் 50 சென்ட். இவ்வளவு பேர் கைதானால் ஜாமீனுக்கு எங்கே போவது என்பது அவர்களுடைய கவலை. எந்தச் சேகரக் கமிட்டியிலும் எழக்கூடிய நியாயமான கேள்விதான். மாணவர்கள் அந்தத் தயக்கத்துக்குச் செவிசாய்க்கவில்லை. மறுநாள் சனிக்கிழமை, பனி பெய்திருந்த தெருக்களின் வழியே, ஞாயிறு ஆராதனைக்குப் போவதுபோல் உடுத்தியிருந்த 124 பேர் மூன்று கடைகளுக்குள் நுழைந்து, ஏதோ ஒரு பொருளை வாங்கிவிட்டு, கவுண்டர்களில் போய் அமர்ந்தார்கள்.

ஒவ்வொருவர் கையிலும் விதிகள் அச்சிட்ட தாள் ஒன்று பிறகு கொடுக்கப்பட்டது. திருப்பி அடிக்காதே, ஏசினாலும் ஏசாதே, உரக்கச் சிரிக்காதே, தலைவர் சொல்லும்வரை இருக்கையை விட்டு எழாதே, கடை வாசலையும் கடைக்குள் நடக்கும் வழியையும் மறிக்காதே, நிமிர்ந்து உட்கார், எப்போதும் கவுண்டரை நோக்கியே இரு என்ற அளவில் அதன் விதிகள் இருந்தன. இயேசு கிறிஸ்துவும் காந்தியும் கிங்கும் போதித்தவற்றை நினைவில் வைக்கச் சொல்லி அந்தத் தாள் முடிகிறது. உரக்கச் சிரிக்காதே என்பதை எழுதிச் சேர்த்தவர்கள் மாணவர் கூட்டத்தை நன்றாக அறிந்தவர்கள். பதற்றத்தில் வரும் சிரிப்பு எதிரே நிற்பவனை எவ்வளவு சீண்டும் என்பது ஒத்திகை பார்த்தவர்களுக்கே தெரியும்.

பிப்ரவரி 27ஆம் தேதி வெள்ளைக்கார இளைஞர்கள் கூட்டமாக வந்து அடித்தார்கள். லப்ராட்டைக் கவுண்டரிலிருந்து இழுத்துக் கீழே போட்டு உதைத்தார்கள். காவல்துறை அடித்தவர்களை விட்டுவிட்டு, அடிவாங்கிய மாணவர்களைக் கைது செய்தது. அவர்கள் எழுந்து போனதும் அடுத்த குழுவினர் வந்து அதே இருக்கைகளில் அமர்ந்தார்கள். அவர்களைக் கொண்டுபோனதும் இன்னொரு குழு. அன்று கைதானவர்கள் 81 பேர். நீதிமன்றம் 50 டாலர் அபராதம் விதித்தபோது, அதைக் கட்டுவது அநீதிக்குத் துணைபோவதாகும் என்று மறுத்துச் சிறைக்குப் போனார்கள்.

அந்த நாட்களைப் பற்றி அங்கே இருந்தவர்கள் சொல்லும் சம்பவம் ஒன்று உண்டு. தெருவில் மாணவர் ஒருவரைச் சிலர் அடித்துக்கொண்டிருந்தபோது லாசன் நேராக அவர்களிடம் நடந்துபோனார். தலைவனைப் போலிருந்தவன், தோல் சட்டை அணிந்தவன், அவர் முகத்தில் துப்பினான். லாசன் அவனிடம், கைக்குட்டை இருக்கிறதா என்று கேட்டார். அவன் என்ன செய்கிறோம் என்று யோசிப்பதற்குள் எடுத்துக் கொடுத்துவிட்டான். முகத்தைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மோட்டார் சைக்கிள் வைத்திருக்கிறாயா என்று கேட்டுப் பேச்சை அதன் எந்திரத்தின் பக்கம் திருப்பினார். அதற்குள் அடிபட்டவர் எழுந்து விலகிவிட்டார். இதைப் பிரசங்கத்தில் சொன்னால் கேட்பவர்கள் லாசனின் சாந்த குணத்தை வியப்பார்கள். நான் வியப்பது, துப்பப்பட்ட அந்த நொடியில் ஒரு கேள்வி அவருக்குத் தயாராக இருந்ததை.

இதற்குள் கடைகளைப் புறக்கணிக்கும் இயக்கம் சபைகள் வழியே வீடு வீடாகப் பரவியிருந்தது. ஈஸ்டருக்குப் புத்தாடை வாங்குவது அங்கேயும் பெரிய வழக்கம். அந்த ஆண்டு ஏப்ரல் 17ஆம் தேதி வந்த ஈஸ்டருக்குக் கறுப்பினக் குடும்பங்கள் பழைய உடுப்பிலேயே ஆலயத்துக்கு வந்தன. கலவரத்துக்கு அஞ்சி வெள்ளைக்கார வாடிக்கையாளர்களும் வரவில்லை. ஏப்ரல் 19 விடியற்காலையில், மாணவர்களுக்காக வாதாடிவந்த வழக்கறிஞர் அலெக்சாண்டர் லூபியின் வீட்டில் டைனமைட் வெடித்தது. வீடு சிதைந்தது, அவரும் மனைவியும் உயிர்தப்பினார்கள். எதிர்த்தாற்போலிருந்த மருத்துவக் கல்லூரியின் சன்னல் கண்ணாடிகள் நொறுங்கின. அன்று பகலில் ஆயிரக்கணக்கானோர் மூன்று மூன்று பேராக, ஒரு முழக்கமும் இல்லாமல், நகர மன்றத்துக்கு நடந்தார்கள். அங்கே மேயர் பென் வெஸ்ட்டிடம் டயான் நாஷ், நிறத்தையோ இனத்தையோ வைத்து ஒருவரை ஒதுக்குவது தவறு என்று நீங்கள் கருதுகிறீர்களா என்று நேரடியாகக் கேட்டார். தவறுதான் என்று மேயர் ஒப்புக்கொண்டார். மே 10ஆம் தேதி ஆறு கடைகளின் கவுண்டர்கள் திறந்தன. அதுவும் ஒத்திகை பார்க்கப்பட்ட நிகழ்ச்சிதான்: எந்த நாள், எத்தனை பேர், எந்த நேரம் என்பதெல்லாம் முன்கூட்டியே பேசி வைத்து, பத்திரிகைகள் பரபரப்பாக்காமல் பார்த்துக்கொண்டு, சிறு குழுக்களாகப் போய்ச் சாப்பிட்டார்கள். வென்றுவிட்டோம் என்று எவரும் ஆர்ப்பரிக்கவில்லை. தோற்றவர்கள் மறுநாளும் அதே ஊரில் வாழ வேண்டியவர்கள்.

இதற்கு லாசன் கொடுத்த விலையையும் சொல்ல வேண்டும். வாண்டர்பில்ட் அவரை 1960 மார்ச்சில் வெளியேற்றியது. அதை எதிர்த்து இறையியல் துறைப் பேராசிரியர்கள் பலர் பதவி விலக முன்வந்தார்கள். லாசன் பாஸ்டனில் போய்ப் பட்டம் பெற்றார். அதே பல்கலைக்கழகம் 2006இல் அவரை வருகைதரு பேராசிரியராக அழைத்தது, அவர் போனார். 2024 ஜூனில் 95ஆம் வயதில் காலமானார்.

நாஷ்வில்லைப் போலவே நீண்ட நாள் பழக்கத்தின் பலனைக் காட்டும் இன்னொரு சபை, அப்போது கம்யூனிஸ்ட் ஆட்சியில் இருந்த கிழக்கு ஜெர்மனியின் லைப்சிக் நகரத்தில் இருக்கிறது. புனித நிக்கோலாஸ் ஆலயத்தில் 1982 முதல் திங்கள்கிழமைதோறும் மாலை 5 மணிக்குச் சமாதான ஜெபம் நடந்தது. சில ஆண்டுகள் வெகுசிலரே வந்தார்கள். போதகர் கிறிஸ்டியான் ஃப்யூரர் அதை நிறுத்தவில்லை. ஆலயம் எல்லாருக்கும் திறந்திருக்கும் என்ற அறிவிப்பையும் எடுக்கவில்லை. 1989 அக்டோபர் 9ஆம் தேதி, இடத்தை அடைத்துக்கொள்வதற்காக ஆளும் கட்சியின் உறுப்பினர்கள் நூற்றுக்கணக்கில் அனுப்பப்பட்டு முன்கூட்டியே வந்து உட்கார்ந்தபோது, அறிவிப்பின்படியே அவர்களையும் வரவேற்றார். வெளியே ஆயுதம் தாங்கிய படையினர் நின்றார்கள். ஜெபம் முடிந்து மெழுகுவர்த்தியோடு வந்தவர்களுடன் சேர்ந்து ஏறத்தாழ 70,000 பேர் நகரத்தைச் சுற்றி நடந்தார்கள். ஒரு துப்பாக்கியும் வெடிக்கவில்லை. மெழுகுவர்த்தியை ஏந்தவும் காற்றில் அணையாமல் காக்கவும் இரண்டு கைகளும் வேண்டும், ஆகவே கல்லெடுக்கக் கை இருக்காது என்று ஃப்யூரர் விளக்கியதுண்டு. ஏழு ஆண்டுகளாக வாரந்தோறும் கேட்டு வந்த மலைப்பிரசங்கத்தின் பாக்கியவசனங்கள் அந்த ஒரு மாலையில் பயன்பட்டன.

பழக்கம் இல்லாதபோது என்ன ஆகும் என்பதற்கும் லாசனின் வாழ்க்கையே சான்று. 1968இல் அவர் மெம்பிஸ் நகரில் போதகராக இருந்தார். குப்பை வண்டியின் அரைக்கும் எந்திரத்தில் சிக்கி இரண்டு துப்புரவுத் தொழிலாளர்கள் இறந்ததைத் தொடர்ந்து, பிப்ரவரியில் 1,300 பேர் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். லாசன் கிங்கை அழைத்தார். மார்ச் 28ஆம் தேதி இருவரும் முன்னே நடந்த பேரணியில், பின்வரிசையிலிருந்த இளைஞர்கள் சிலர் பதாகைகளின் கம்புகளை உருவிக் கடைக் கண்ணாடிகளை உடைத்தார்கள். லாசன் ஒலிபெருக்கியில் எல்லாரையும் திரும்பச் சொன்னார். காவல்துறை கண்ணீர்ப்புகை வீசியது. 16 வயதுச் சிறுவன் ஒருவன் சுட்டுக் கொல்லப்பட்டான். அத்தனை பெரிய கூட்டத்துக்குச் செவ்வாய்க்கிழமை மாலைகள் இருந்ததில்லை. ஒழுங்கான பேரணி ஒன்றை நடத்திக் காட்டவே மெம்பிஸுக்குத் திரும்பி வந்த கிங், ஏப்ரல் 4ஆம் தேதி அங்கே கொல்லப்பட்டார். நான்கு நாள் கழித்து, தெருநெடுகத் தொண்டர்களை நிறுத்தி, பல்லாயிரம் பேர் வாய்திறவாமல் நடந்தார்கள். அதே நகரம்தான், துயரமும் கோபமும் முன்னைவிடப் பெரியவை, ஒரு கண்ணாடியும் உடையவில்லை. ஏப்ரல் 16இல் தொழிலாளர்களின் கோரிக்கை ஏற்கப்பட்டது.

இவற்றையெல்லாம் வாசித்த துணிச்சலில், எங்கள் சேகரத்தின் வாலிபர் ஐக்கியத்தில் நாற்காலிகளை வரிசையாகப் போட்டுப் பார்த்தோம். சேகரக் கூட்டத்தில் ஒருவர் கணக்குக் கேட்க, மற்றவர்கள் கூச்சலிட்டு அவரை உட்கார வைக்க முயல்வது என்பதே காட்சி. கூச்சலிடுகிற வேடத்துக்கு எங்கள் கோயில்பிள்ளை தாமாகவே முன்வந்தார். இத்தனை ஆண்டுகள் கமிட்டிக் கூட்டங்களுக்குக் கதவு திறந்துவிட்டு ஓரமாக நின்று கேட்டதையெல்லாம் அன்று ஏற்ற இறக்கத்தோடு பேசிக் காட்டினார். கணக்குக் கேட்டவர் இரண்டாவது நிமிடத்திலேயே நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார். சிரிப்பு அடங்கியபின், பெண்கள் ஐக்கிய சங்கத்திலிருந்து பார்க்க வந்திருந்த அம்மா ஒருவர் என்னிடம், “பேச்சு வாங்குறதுக்கும் அடி வாங்குறதுக்கும் எங்களுக்கு எதுக்குத் தம்பி ஒத்திகை? அதத்தான பொறந்ததுலேருந்து செய்துக்கிட்டிருக்கோம்” என்றார்.

அந்தக் கேள்வியை எளிதாகக் கடந்துவிட முடியாது. பொறுமையையும் மன்னிப்பையும் நம் பிரசங்கங்கள் யாருக்குப் போதித்திருக்கின்றன என்று பார்த்தால், கணவனிடம் அடிபடுகிறவருக்கும் சாதியால் ஒதுக்கப்பட்டவருக்கும்தான். அடிப்பவருக்கும் ஒதுக்குகிறவருக்கும் அவை அவ்வளவு வற்புறுத்திச் சொல்லப்பட்டதில்லை. நாஷ்வில்லில் கற்பிக்கப்பட்டது அந்தப் பொறுமை இல்லை. தடை செய்யப்பட்ட இருக்கையில் போய் உட்கார்ந்தவர்கள் அவர்கள். இடத்தையும் நாளையும் அவர்களே குறித்தார்கள். கடைகளின் வருமானத்தில் கை வைத்தார்கள். மேயரைப் பகிரங்கமாகப் பதில் சொல்ல வைத்தார்கள். அடிவாங்கப் பழகியது, அடிக்குப் பயந்து அந்த இருக்கையை விட்டு எழுந்துவிடக் கூடாது என்பதற்காக. இயேசு மறு கன்னத்தைப் பற்றிச் சொன்னதையும் அப்படித்தான் லாசன் வாசித்தார். எங்கள் காட்சியில் அந்த முதல் பாதி இல்லை. யாருக்கு எந்த நாற்காலி மறுக்கப்பட்டிருக்கிறது என்று கேட்காமலே நாற்காலிகளைப் போட்டுவிட்டோம்.

ஆகவே அடுத்த கூடுகையில் அந்த அம்மாவையும் அவருடைய தெருக்காரர்களையும் பேச வைத்தோம். தேர்தல், கணக்கு எதையும் அவர்கள் எடுக்கவில்லை. கல்லறைத் தோட்டத்தைப் பற்றித்தான் பேசினார்கள். எந்த வரிசையில் யாரைப் புதைக்கலாம் என்பதற்கு எழுதப்பட்ட விதி ஒன்றும் இல்லை. ஆனாலும் அவர்கள் தெருவின் கல்லறைகள் எல்லாம் வேலியோரத் தாழ்ந்த பகுதியில், மழைக்காலத்தில் தண்ணீர் நிற்கும் இடத்தில் இருக்கின்றன. எதிர்ப்பதற்கு முன்னால் உண்மையை முழுதாக விசாரித்து எழுதி வைக்க வேண்டும், அதன்பின் சம்பந்தப்பட்டவர்களோடு உட்கார்ந்து பேச வேண்டும் என்பது லாசனின் ஒழுங்கு. அதன்படி, அடக்கப் பதிவேட்டைப் பார்வையிட அனுமதி கேட்டுச் சேகரத் தலைவருக்கு மனு கொடுத்திருக்கிறோம். அந்த அம்மாவின் கையெழுத்துதான் மனுவில் முதலாவது. கமிட்டியில் வைத்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார் சேகரத் தலைவர். அந்தக் கூட்டத்தில் எங்களில் யார் எழுந்து பேசுவது என்பதற்கு இந்த வாரம் நாற்காலிகளை மறுபடியும் போடுகிறோம். கோயில்பிள்ளையும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.